தோள் மூட்டு இடைவெளி படத்தில் திறக்காவிட்டால்

எக்ஸ்ரேயில் மேற்கை எலும்பின் தலை தோள்பட்டைக் குழியின்மேல் விழுந்து தெரிந்தால், கிராஷி நிலைக்கு (மூட்டு இடைவெளி திறந்து தெரிய உடலைச் சற்றுத் திருப்பி எடுக்கும் எக்ஸ்ரே நிலை) உடல் சரியாகத் திரும்பவில்லை. குழி நேர்வெளியே பார்ப்பதில்லை, சற்று முன்னோக்கியது. அதனால்தான் வலிக்கும் பக்கம் 35 முதல் 45 பாகை திருப்புகிறோம்.

பினாங்கில் என் எக்ஸ்ரே அறைக்கு வரும் கூன் விழுந்த பாட்டிமாருக்கு அது போதாது. பாகையைப் பார்க்காமல், "இன்னும் கொஞ்சம் இப்படித் திரும்புங்க பாட்டி" என்று, தோள்பட்டை எலும்பு டிடெக்டரில் (படம் பதியும் பலகையில்) தட்டையாகப் படிவதை விரலால் தடவிப் பார்த்தே நிறுத்துகிறேன். படுக்கவைத்து எடுத்தால் திருப்ப வேண்டிய அளவு இன்னும் கூடும். கதிர் மையம் தோளின் மேல்வெளி விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே, 5 செ.மீ. உள்ளே.

குழியின் முன், பின் விளிம்புகள் ஒரே கோடானால் படம் சரி. மோட்டார் சைக்கிள் விபத்துக் கேஸா? கையைத் திருகாதீர்கள், உடம்பை மட்டும் திருப்புங்கள்.