மயிலாப்பூர் குளக்கரையே வகுப்பறை: பணம் கட்டாமல் புகைப்படம் கற்கும் வழி

கல்லூரியில் சேர்ந்த கையோடு என் அக்கா மகன் பழைய கேமரா ஒன்றை வாங்கிவிட்டான். "மாமா, எந்த வகுப்பில் சேரட்டும்?" என்று கேட்டான். அவன் காட்டிய கட்டணத்தில் நல்ல லென்ஸ் ஒன்றே வாங்கிவிடலாம். "ஒரு மாதம் பொறு, அதற்குள் நான் சொல்வதைச் செய்" என்றேன். அவனுக்குச் சொன்னதுதான் இது. கையில் செல்போன் மட்டும் இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. ஜன்னலோரம் ஒரு செம்பு

முதல் வாரம் வெளியே போக வேண்டாம். வெயில் நேராக விழாத ஜன்னல் ஒன்றின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அதன் மேல் பித்தளைச் செம்பை வையுங்கள். விளக்கு, மின்விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

முதலில் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று செம்பை எடுங்கள். வெளிச்சம் நேர்முகமாக விழுவதால் செம்பு தட்டையாக, ஒட்டிவைத்த படம்போலத் தெரியும். அடுத்து, ஜன்னல் உங்கள் இடப்பக்கம் வரும்படி நகருங்கள். இப்போது செம்பின் வயிறு உருண்டு எழும். கழுத்தின் வளையங்கள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். கடைசியாக ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். செம்பு கறுத்து, அதன் விளிம்பில் மட்டும் ஒரு வெள்ளிக்கோடு ஓடும்.

இனி வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டிப் பாருங்கள். நிழலின் ஓரம் கரைந்து மென்மையாகும். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையைப் பிடித்தால், இருண்ட பாதி மெல்ல வெளுக்கும். ஸ்டுடியோவில் பெரிய விளக்குகளை வைத்துச் செய்வதும் இதைத்தான். மூன்றாம் நாள் செம்பை எடுத்துவிட்டு, அங்கே அம்மாவை உட்காரவைத்து வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். செம்பில் பார்த்த அதே வெளிச்சத்தை முகத்திலும் பார்ப்பீர்கள்.

2. ஒரே இடம், ஒரே லென்ஸ்

புதிதாகப் படமெடுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஊர் என்று அலைகிறார்கள். இடம் புதிதாக இருப்பதால் படமும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். நான் அதற்கு எதிர்க்கட்சி. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் வெளிச்சத்தின் நடமாட்டம் பிடிபடும்.

கபாலீசுவரர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. காலையில் குளத்தின் மேற்குக் கரையில் நின்று பார்த்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருப்பான். கோபுரம் கருநிழலாக நிற்கும், சிற்பம் ஒன்றும் தெரியாது. மாலை ஐந்து மணிக்கு அதே படியில் வந்து நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து போய்க் கோபுரத்தில் விழும். சுதைச் சிற்பங்களின் வண்ணமெல்லாம் எழுந்து நிற்கும். மெரினாவில் கதை வேறு. அங்கே சூரியன் கடலில் எழுந்து நகரத்துக்குப் பின்னால் மறைகிறான். விடியலில் கடலைப் பார்த்து எடுத்தால் மனிதர்கள் நிழலுருவமாவார்கள். கடலுக்கு முதுகு காட்டி நின்றால், உங்களை நோக்கி வருகிறவர்களின் முகத்தில் பொன்வெயில் இருக்கும்.

18 முதல் 55 மி.மீ. வரை ஜூம் செய்யும் 18-55 லென்ஸ் வைத்திருந்தால், அதை 35இல் நிறுத்தி, நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸைக் கழற்றி மாற்றும் சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் அது பழைய ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸின் பார்வைக்கு ஏறக்குறைய சமம். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே பிரெசோன், தன் படங்களில் பெரும்பாலானவற்றை 50 மி.மீ. லென்ஸில்தான் எடுத்தார். பெரிதாகத் தெரிய வேண்டுமா, இரண்டடி முன்னே போங்கள்.

3. மூன்று எண்கள்

ஷட்டர் வேகம் (கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது), அபெர்ச்சர் (லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது; கூடினால் படத்தில் புள்ளிகள் விழும்) ஆகிய மூன்றும் வெளிச்சத்தின் கணக்கு. 1/125 விநாடியை 1/250 ஆக்கினால் வெளிச்சம் பாதியாகும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ. 100ஐ 200 ஆக்கலாம், அல்லது அபெர்ச்சரை எஃப் 8இலிருந்து எஃப் 5.6க்குத் திறக்கலாம் (எஃப் எண் குறைந்தால் துளை பெரிதாகும்). சென்னையின் உச்சிவெயிலுக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100 அல்லது 1/125, அபெர்ச்சர் எஃப் 16. மேகமூட்டமாக இருந்தால் எஃப் 8. கேமராவை, எண்களை நாமே வைக்கும் மேனுவல் முறைக்கு மாற்றி, முதலில் மனத்தில் ஊகித்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

ஷட்டரைப் புரிந்துகொள்ளத் தெருமுனையில் நின்று ஷேர் ஆட்டோக்களை எடுத்தால் போதும். 1/500இல் சக்கரம் உறைந்து நிற்கும். 1/30இல் வைத்து, ஆட்டோ போகும் வேகத்திலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டே அழுத்தினால் ஆட்டோ தெளிவாக இருக்க, பின்னணி கோடுகோடாக ஓடும். இருபதில் ஒன்று சரியாக வரும். அந்த ஒன்று வரும் வரை விடாதீர்கள்.

செல்போனில் அபெர்ச்சரைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. திரையைத் தொட்டு விரலை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பழகுங்கள்.

ஒருமுறை மாலைக் கச்சேரிக்காக ஐ.எஸ்.ஓ. 3200இல் வைத்ததை மாற்ற மறந்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை காசிமேட்டில் எடுத்த படங்கள் அத்தனையும் மணல் தூவியதுபோல வந்தன. அன்றிலிருந்து கிளம்புமுன் ஐ.எஸ்.ஓ. பார்க்காமல் வாசல் தாண்டுவதில்லை. இன்னொன்று: ஏ.சி. அறையில் இருந்த கேமராவை நம் ஊர்ப் புழுக்கத்தில் திடீரென்று எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

4. எடுத்ததைப் பார்ப்பது

பலர் விட்டுவிடும் படி இது. ஒருநாள் எடுத்த இருநூறு படங்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். "நன்றாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். "தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்திருக்கிறது", "கை விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கிறது" என்று எழுதுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஷட்டர், அபெர்ச்சர், ஐ.எஸ்.ஓ. எண்கள் தாமாகவே பதிவாகியிருக்கும். அவற்றையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். படத்தைத் திருத்தும் மென்பொருள்களில் கணினிக்கு டார்க்டேபிள், கிம்ப், செல்போனுக்கு ஸ்னாப்சீட் எல்லாம் இலவசம்.

பிறர் படங்களையும் பார்க்க வேண்டும். 1896இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்கள் வந்துசேரும் வைப்பு நூலகங்களில் ஒன்று. அங்கேயோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ புகைப்பட நூல் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் செலவிடுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எடுத்தவர் நின்றாரா, குனிந்தாரா என்று தேடுங்கள்.

5. மனிதர்களை எடுப்பது

தூரத்திலிருந்து ஜூம் செய்து திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். மாட வீதியில் பூக்கட்டும் அம்மா ஒருவரிடம் என் அக்கா மகன் முதல் நாள் கேட்டபோது, "வேலையாக இருக்கிறேன், போப்பா" என்றார். அவன் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். நான்காவது முறை போனபோது அவரே, "இன்றைக்கு எடுக்கவில்லையா?" என்று கேட்டார். வாழைநாரைப் பல்லில் கடித்து இழுக்கும் அந்த நொடி, காலைவெயில் பக்கவாட்டில் விழ, அவனுக்குக் கிடைத்தது.

ஒரு தேநீர் விலையில் அதை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான். இப்போது அது அவருடைய பூக்கூடைக்குப் பின்னால், சுவரில் மாட்டிய காலண்டரின் ஓரத்தில் செருகியிருக்கிறது.