பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால்: சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக விமானம் வாங்கியவர் முதல் வருடத்தில் ஹேங்கருக்கு வந்து என்னென்ன கேட்பார், எதில் காசை விடுவார் என்பது விமான ரேடியோக்களைப் பழுது பார்க்கும் எனக்கு இப்போது மனப்பாடம். மீனம்பாக்கத்துக்குச் சமீபத்தில் வந்தவரும் அதே வரிசையில்தான் போய்க்கொண்டிருக்கிறார். நாங்களெல்லாம் ஒரு காலத்தில் போன வழிதான். அன்றைக்குச் சொல்லித்தர ஆளில்லை. இன்றைக்குச் சொன்னாலும், "யூடியூப்ல வேற மாதிரி சொல்றாங்களே சார்" என்கிறார்கள்.

ஏவியானிக்ஸ் (ரேடியோ, ஜிபிஎஸ் போன்ற மின்னணுக் கருவிகள்) சுவிட்ச் ஆனில் இருக்க எஞ்சினை ஸ்டார்ட் செய்வது, மாஸ்டரை அணைக்காமல் வீட்டுக்குப் போவது, ஹெட்செட் பிளக்கைப் பாதி சொருகிவிட்டு ரேடியோவைத் திட்டுவது, இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாக வந்துவிடும். பட்டும் வராதவை சில இருக்கின்றன.

குறை எங்கே என்று பார்க்காமல் ரேடியோ பெட்டியை ரிப்பேருக்கு அனுப்புவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்பத்தூர் பக்கம் தொழில் நடத்தும் ஒருவர், நான்கு சீட், ஒற்றை எஞ்சின் விமானம் வைத்திருக்கிறார். அதில் காம் ஒன், காம் டூ என்று இரண்டு ரேடியோ. டவரோடு பேசுவது பற்றி அவர் புகார் இதுதான்: "சார், காம் ஒன்னுல அவங்க பேசுறது எனக்கு நல்லாக் கேக்குது. நான் பேசுறதுதான் அவங்களுக்குப் போய்ச் சேர மாட்டேங்குது." தரையில் நிற்கும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. இருபது மைல் தாண்டினால் குரல் கரகரக்கிறது. மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம்.

குறை எங்கே என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், கவனித்தீர்களா? டவரின் டிரான்ஸ்மிட்டர் பலமானது. உங்கள் ஆன்டெனா பாதி செத்திருந்தாலும் அவர்கள் குரல் உள்ளே வந்துவிடும். உங்கள் ரேடியோவின் சக்தி குறைவு. ஆன்டெனாவிலோ அதற்குப் போகும் கோஆக்ஸ் கேபிளிலோ தொடர்பு கெட்டிருந்தால், அனுப்பும் சக்தியில் ஒரு பங்கு வெளியே போகாமல் ரேடியோவுக்கே திரும்பி வரும். கிட்டே இருந்தால் மிச்சம் போதும், தூரம் போனால் போதாது. இதில் மழையும் சேர்ந்தால் நான் முதலில் ஏணியைத்தான் தேடுவேன், கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவைப் பார்க்க.

அவர் ஏஜென்டைத் தேடினார். பெட்டியைக் கழற்றி, ஏற்றுமதிக் காகிதம் போட்டு, வெளிநாட்டு வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். அங்கே பெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். குறை இல்லை என்று சொல்வதற்கும் கட்டணம் உண்டு. கூரியர் இரண்டு பக்கமும் நம் தலையில். கஸ்டம்ஸில் வேறு, போன பெட்டிதான் வந்த பெட்டி என்று சீரியல் நம்பரைக் காட்டி நிரூபிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்து மாட்டினால் ரேடியோ ஜோராக வேலை செய்தது. கழற்றி மாட்டியதில் பின்னாலிருந்த கேபிள் கொஞ்சம் அசைந்துகொடுத்திருக்கும், மழையும் இல்லை, அவ்வளவுதான் விஷயம். "பார்த்தீங்களா சார், பெட்டிதான்" என்று என்னிடமே சொன்னார்.

அடுத்த மழைக்குப் பழைய கதை திரும்பியது. இந்தமுறை எக்ஸ்சேஞ்ச் பெட்டி வாங்கினார். பழையதைக் கொடுக்கும்வரை கோர் டெபாசிட் என்று ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அதையும் கட்டினார். புதுப் பெட்டியிலும் அதே கரகரப்பு.

அதன் பிறகுதான் ஆன்டெனாவைக் கழற்ற விட்டார். நாலு ஸ்க்ரூ. அடியிலிருந்த கேஸ்கெட் அப்பளம் போல நொறுங்கியது. அதற்குக் கீழே தகட்டில் வெள்ளைத் துரு. கோஆக்ஸ் முனையில் இருக்கும் பிஎன்சி கனெக்டரைத் திருகி எடுத்தால், உள்ளே செம்புப் பின்னல் முழுக்கப் பச்சைக் களிம்பு. விரல் நகத்தால் கீறினேன், பொடியாக உதிர்ந்தது. புது கேஸ்கெட், புது கனெக்டர், கொஞ்சம் கேபிள், தகட்டைச் சுத்தம் செய்து எர்த் நன்றாகப் பிடிக்கிறதா என்று அளந்து பார்த்தது, எல்லாம் சேர்த்து அரை நாள் வேலை. இரண்டு பெட்டிக்கும் அவர் கொட்டிய பணத்தோடு இந்த பில்லை வைத்துப் பார்த்தால் வயிறு எரியும்.

சென்னையில் விமானத்தை வெளியே நிறுத்துகிறவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. உப்புக்காற்றும் புழுக்கமும் ஐப்பசி, கார்த்திகை மழையும் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் கனெக்டருக்குள் நுழைந்துவிடும். ரேடியோ பெட்டி பேனலுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. ஆன்டெனா வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. எது முதலில் கெடும்?

சரி, எந்த வரிசையில் பார்ப்பது? முதலில், அதே இடத்தில், அதே அலைவரிசையில் காம் டூவில் பேசிப் பாருங்கள். இதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம். காம் டூ நன்றாக இருந்தால் மைக், ஹெட்செட், பேசுவதற்கு அழுத்தும் பிடிடி பட்டன், ஆடியோ பேனல் மீதான சந்தேகம் பெரும்பாலும் போய்விடும். இரண்டும் ஒரே மாடல் என்றால் அடுத்தது, பெட்டிகளை இடம் மாற்றிப் பார்ப்பது. குறை பெட்டியோடு போனால் பெட்டி. குறை அதே இடத்தில் நின்றால் வயரிங் அல்லது ஆன்டெனா. பிறகு வாட் மீட்டர் வைத்து, போகும் சக்தி எவ்வளவு, திரும்பி வருவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கடைசியாக, பிடிடி அழுத்தியிருக்கும்போது பெட்டியின் பின்புற கனெக்டரில் வோல்டேஜ் எவ்வளவு நிற்கிறது என்பதை அளக்க வேண்டும். பேனல் மீட்டர் காட்டும் வோல்டேஜ் பஸ்ஸில் (மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பொதுப் பட்டையில்) இருப்பது. நடுவில் ஒரு பழைய சர்க்யூட் பிரேக்கர் தின்றுவிட்டால் பெட்டிக்கு வந்து சேராது. இவை எல்லாம் சரியாக இருந்து, அப்புறமும் பேசவில்லை என்றால் பெட்டியை அனுப்புங்கள், நானே பேக் செய்து தருகிறேன்.

கழற்றுவதும் மாட்டுவதும் உங்கள் வேலை இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தரும் லைசென்ஸில் பி2 (ஏவியானிக்ஸ்) பிரிவு வைத்திருக்கும் என்ஜினியர் செய்து கையெழுத்துப் போட வேண்டியது. ஆனால் "பெட்டியை அனுப்பு" என்று அவரை நெருக்குவது பெரும்பாலும் ஓனர்தான். அதை நிறுத்தலாம்.

இன்னொன்று. விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லாகில் "ரீராக் செய்யப்பட்டது, சரியாக இருக்கிறது" என்று ஒரு வரி பார்த்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகாதீர்கள். பெட்டியை இழுத்துத் திரும்பத் தள்ளும்போது பின்கள் உரசி அழுக்கு விலகும், குறை சில நாள் ஒளிந்துகொள்ளும். மறுபடி தலைகாட்டும்போது நீங்கள் மேகத்துக்கு நடுவில் இருப்பீர்கள். பெட்டி டிரேயில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ரீராக் செய்வது நியாயம். அதையே ரிப்பேர் என்று கணக்கு எழுதுவது அநியாயம்.

எக்ஸ்சேஞ்ச் டிரான்ஸ்பாண்டரை அப்படியே மாட்டுவது

ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் மோட் எஸ் டிரான்ஸ்பாண்டரில் 24 பிட் முகவரி ஒன்று இருக்கும். அது பெட்டிக்குச் சொந்தமில்லை, விமானத்துக்குச் சொந்தம். இந்தியப் பதிவு விமானங்களுக்கு ஹெக்ஸில் (16-ஐ அடிமானமாகக் கொண்ட எண்ணில்) 80, 81, 82, 83 என்றுதான் தொடங்கும். ஏ என்ற எழுத்தில் தொடங்கினால் அது அமெரிக்காவில் எவருடைய விமானத்திலோ இருந்து வந்தது. கான்ஃபிகரேஷன் பக்கத்தில் பார்த்து, பதிவுக் காகிதத்தோடு ஒப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

"ரேடியோ சரியில்லை" என்று ஸ்நாக் (குறைக் குறிப்பு) எழுதுவது

இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்ய? போகவில்லையா, வரவில்லையா? எந்த அலைவரிசை? எந்தத் திசையில் மூக்கு இருந்தது? எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்? ஏறும்போதா, திரும்பும்போதா? எஞ்சின் சுற்று கூடும்போது கீச்சொலியும் கூடுகிறதா? கூடினால் ஆல்டர்னேட்டர் பக்கம் போவேன். லேண்டிங் லைட் போட்டால் இரைச்சல் வருகிறதா? ஏசி போட்டிருந்ததா? முழங்கால் பலகையில் நாலு சொல் கிறுக்கி வையுங்கள், இறங்கியதும் செல்போனில் ஒரு படம் எடுங்கள். எனக்கு ஒரு நாள் மிச்சம், உங்களுக்கு ஒரு பில் மிச்சம்.

ரிச்சி தெரு சார்ஜர்

ரிச்சி தெருவை நான் குறை சொல்ல மாட்டேன், என் பாதி டூல்கிட் அங்கே வாங்கியது. ஆனால் அங்கே வாங்கிய மலிவு யூஎஸ்பி சார்ஜரை விமானத்தின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகிவிட்டு, "ஜிபிஎஸ் போயிடுச்சு, விஎச்எஃப் ரேடியோவுல இரைச்சல்" என்று வருகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் சுவிட்சிங் சர்க்யூட்டுக்கு ஷீல்டும் இல்லை, ஃபில்டரும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டும் கேமராவும் இதே ரகம். ஜிபிஎஸ் தொலைந்தால் முதல் வேலை, நீங்களாகக் கொண்டுவந்து சொருகியவற்றை எல்லாம் பிடுங்குவது.

பிடுங்கியும் போகவில்லை, அதுவும் பிடிடி அழுத்தும்போது மட்டும் ஜிபிஎஸ் தொலைகிறது என்றால் எந்த அலைவரிசையில் என்று பாருங்கள். 121.15, 121.175, 121.2, 131.25, 131.275, 131.3 ஆகியவற்றைச் சந்தேகப்பட வேண்டும். 121.15-ஐ 13-ஆல் பெருக்கினால் 1574.95. ஜிபிஎஸ் வருவது 1575.42 மெகாஹெர்ட்ஸில். ரேடியோவின் ஹார்மானிக் (அலைவரிசையின் மடங்கு) நேராக ஜிபிஎஸ் தலையில் விழுகிறது. 131-இல் தொடங்குபவற்றை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள், அங்கேயும் அதே இடத்துக்கு வரும். இதில் அடிக்கடி மாட்டாத குற்றவாளி, விபத்தில் அபாயச் சமிக்ஞை அனுப்பும் ஈஎல்டி. விஎச்எஃப் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் அதன் ஆன்டெனா இருந்தால், வாங்கிய அலையைக் கெடுத்துத் திருப்பி வீசும். என்ஜினியரிடம் சொல்லி ஈஎல்டி கேபிளைத் தற்காலிகமாகக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் பெட்டி அதுவரை பேனலிலேயே இருக்கட்டும்.

வைஃபை மட்டும் உள்ள ஐபேட்

விமான வரைபட ஆப்புக்காக வாங்கும் ஐபேட் இந்த ரகமென்றால், அதில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடும் மாடல் வாங்குங்கள்.

ஐபேடை டேஷ்போர்டு மேல் வைப்பது

35 டிகிரிதான் அதன் எல்லை என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை வெயிலில் மூடிய காக்பிட்டில் கண்ணாடிக்குக் கீழே வைத்தால், டாக்ஸி முடிவதற்குள் வெப்ப எச்சரிக்கை காட்டிப் படுத்துவிடும். மடியில் வையுங்கள். செல்போனில் அதே ஆப்பை ஏற்றி வையுங்கள். காகிதத்தில் ஒரு பிளான் இருந்தால் நான் சிரிக்க மாட்டேன்.

ஆப் போட்ட நேர்கோட்டை நம்புவது

சென்னை, புதுச்சேரி என்று தட்டினால் ஆப் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டுக்கு தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதும் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருப்பதும் பெரிய விஷயம் இல்லை. வடக்கே போனால் ஸ்ரீஹரிகோட்டா, மேற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம். வெளிநாட்டில் எழுதப்பட்ட ஆப்பில் இந்திய வான்வெளித் தகவல் எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பது நீங்கள் கட்டும் சந்தாவைப் பொறுத்தது. ஆப்பில் சிவப்பு வட்டம் இல்லை என்பதால் அங்கே தடை இல்லை என்று ஆகிவிடாது. விமான நிலைய ஆணையம் வெளியிடும் இ-ஏஐபி என்ற வான்வழித் தகவல் தொகுப்பைத் திறந்து தடைசெய்யப்பட்ட பகுதி, அபாயப் பகுதிகளைப் பாருங்கள். ராக்கெட் ஏவும் நாள் நெருங்கினால் நோட்டம் (NOTAM) என்ற விமானிகளுக்கான அறிவிப்புகளை ஒன்று விடாமல் படியுங்கள். ஏவுதல் தள்ளிப்போனால் நோட்டமும் மாறும், நேற்று படித்தது இன்றைக்கு உதவாது.

ஆப்பில் "ஃபைல்" என்று ஒரு பட்டன் இருப்பதை நம்பி நேராக விமானத்துக்குப் போகிறவர்களும் உண்டு. ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் எண்ணும் விமானத் தகவல் மையம் தரும் எஃப்ஐசி எண்ணும் கைக்கு வராமல் இங்கே சக்கரம் உருளாது.

யுடிசி

ஃப்ளைட் பிளானில் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழியுங்கள். காலை 5 மணிக்குக் கிளம்பினால் யுடிசியில் முந்தைய நாள் 23:30. தேதியும் மாறும்.

கழற்றிய கருவியை ஃப்ளைட் பிளானில் விட்டுவைப்பது

ஆப்பில் விமானத்தின் விவரத்தை ஒருமுறை நிரப்பிவிட்டால் அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஃப்ளைட் பிளான் படிவத்தின் பத்தாம் கட்டத்தில் எஸ் என்று போட்டால் விஎச்எஃப் ரேடியோ, திசை காட்டும் விஓஆர், இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் மூன்றும் வேலை செய்கின்றன என்று பொருள். விஓஆர் ரிசீவர் பெஞ்சில் கிடக்கும்போது அந்த எழுத்து அங்கே இருக்கக் கூடாது. தூரம் காட்டும் டிஎம்ஈயைக் கழற்றினால் டி என்ற எழுத்தையும் எடுங்கள். ஆர் என்று போட்டால் பதினெட்டாம் கட்டத்தில் பிபிஎன் (செயல்திறன் சார்ந்த வழிநடத்தல்) விவரம் வேண்டும். முந்தைய ஓனரின் விவரத்தை அப்படியே காப்பி அடித்தவர்கள் ஜிபிஎஸ் டேட்டாபேஸின் தேதியையும் பாருங்கள். 28 நாளுக்கு ஒருமுறை மாறுவது அது.

எரிபொருள் அளவு

அமெரிக்க விமானத்தின் புத்தகம் காலனில், பவுசர் (எரிபொருள் லாரி) மீட்டர் லிட்டரில், எடைக் கணக்கு கிலோவில் அல்லது பவுண்டில். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பழைய பிரிட்டிஷ் காலன் 4.546. ஆப்பின் செட்டிங்ஸில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணைத் தட்டுங்கள். டிப் ஸ்டிக்கை விட்டுப் பார்க்காமல் எந்தத் திரையையும் நம்பாதீர்கள்.

40 டிகிரியில் 52 அடி

சென்னை கடல் மட்டத்திலிருந்து 52 அடி உயரம்தான். ஆனால் 40 டிகிரி வெயிலில் காற்று இலேசாவதால் உங்கள் எஞ்சினும் இறக்கையும் மூவாயிரம் அடிக்கு மேல் இருப்பதாகத்தான் உணரும். பல ஆப்கள் டேக்ஆஃப் தூரத்துக்கு நீங்கள் தட்டிய வெப்பநிலையை எடுத்துக்கொள்ளும், தட்டாவிட்டால் 15 டிகிரி என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. இங்கே ஓடுபாதை நீளமானது என்பதால் தப்பித்துவிடுகிறோம். அதே பழக்கத்தோடு சுமார் 3,000 அடி உயரத்திலிருக்கும் பெங்களூர் ஜக்கூருக்குப் போய், பகல் வெயிலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பப் பார்க்காதீர்கள்.

வாங்கிய விமானத்தின் ஈஎல்டியை மறப்பது

121.5-ஐ மட்டும் நம்பும் பழைய ஈஎல்டியைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1-லிருந்து கேட்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸ் கருவி என்றால் அதற்குள் நாட்டுக் குறியீடும் அடையாளமும் எழுதப்பட்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த விமானத்தில் மறு கோடிங் செய்யாமல் விட்டால், நீங்கள் செங்கல்பட்டு வயலில் இறங்கி உட்கார்ந்திருக்கும்போது போன் வேறு நாட்டில் பழைய ஓனர் வீட்டில் அடிக்கும். இந்தியக் குறியீட்டுக்கு மாற்றி, பெங்களூரில் இருக்கும் இந்திய மிஷன் கட்டுப்பாட்டு மையத்தில் உங்கள் போன் நம்பரோடு பதிவு செய்யுங்கள். கையோடு பேட்டரியின் காலாவதித் தேதியையும் பாருங்கள், பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கும்.