எடை குறைக்கும்போது பீனட் பட்டர்: எவ்வளவு, எப்போது, எதற்குப் பதிலாக

எடை குறைக்க ஆரம்பிப்பவர்கள் கட்டாயம் கேட்கிற கேள்வி இது: பீனட் பட்டர் சாப்பிடலாமா? சாப்பிடலாம், தினமும்கூடச் சாப்பிடலாம். ஆனால் அளந்து சாப்பிட வேண்டும், அதுவும் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாப்பிட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் எடை இறங்காது, சில சமயம் ஏறவும் செய்யும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இரண்டு டேபிள்ஸ்பூன் என்று பாட்டிலில் போட்டிருப்பது 32 கிராம். அதில் சுமார் 190 கலோரி, 16 கிராம் கொழுப்பு, 7 கிராம் புரதம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருவதால் அந்த 190இல் கிட்டத்தட்ட 145 கலோரி கொழுப்பிலிருந்தே வந்துவிடுகிறது. வேர்க்கடலை என்பது செக்கில் ஆட்டி எண்ணெய் எடுக்கிற பொருள்தானே, மிக்சியில் அரைத்துவிட்டால் மட்டும் அந்த எண்ணெய் எங்கே போகும்? அதனால் இதை நல்லெண்ணெய், நெய், தேங்காய் இருக்கிற வரிசையில் வையுங்கள், முட்டையும் பருப்பும் இருக்கிற வரிசையில் வைக்காதீர்கள்.

"புரோட்டீனுக்காகச் சாப்பிடுகிறேன்" என்று சொல்பவர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். 25 கிராம் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பீனட் பட்டரிலிருந்தே அது முழுவதும் வர வேண்டுமென்றால் ஏறக்குறைய 115 கிராம் தின்ன வேண்டும், 680 கலோரி ஆகிவிடும். அதே 25 கிராம் நான்கு முட்டையில் 290 கலோரிக்குள் கிடைக்கும். சைவமா, காய்ந்த மீல்மேக்கர் 50 கிராம் ஊறவைத்துச் சமைத்தால் 170 கலோரி சுற்றுவட்டத்தில் முடிந்துவிடும். அது போக, கடலைப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பால், தயிர், முட்டை இவற்றோடு சேர்ந்தால்தான் அந்தக் குறை தீரும். புரதத்துக்கு வேறு வழி பாருங்கள், பீனட் பட்டரில் வருகிற 3 கிராமோ 7 கிராமோ மேலதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எதற்காக இதைச் சாப்பிட வேண்டும் என்று கேட்கலாம். பசி அடங்கி இருப்பதற்காக. கொழுப்பும் புரதமும் கொஞ்சம் நார்ச்சத்தும் சேர்ந்திருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும், ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. காலையில் வெறும் ஓட்ஸ் குடித்துவிட்டுப் பதினோரு மணிக்கே பிஸ்கட்டைத் தேடுகிறவர், அதே ஓட்ஸில் ஒரு ஸ்பூன் பீனட் பட்டர் கலந்து குடித்தால் மதியச் சாப்பாடு வரை தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கொழுப்பிலும் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு, வெண்ணெயைவிட இதயத்துக்கு நல்லது. ருசி இருக்கிறது என்பதையும் நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. டயட் என்ற பெயரில் சப்பென்று சாப்பிடுகிறவர்கள் சீக்கிரமே சலித்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள், ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் ருசி அதைத் தடுக்குமென்றால் அந்த 95 கலோரியைத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

சரி, எவ்வளவு? என் கருத்தில் எடை குறைக்கிற காலத்தில் ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 16 கிராம், 95 கலோரி. நல்ல உடற்பயிற்சி செய்கிறவர்கள், உயரமானவர்கள், மற்ற வேளைகளில் எண்ணெய் குறைவாகச் சேர்ப்பவர்கள் 32 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஸ்பூன் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பீனட் பட்டர் தண்ணீர் மாதிரி வழிந்து மட்டமாக நிற்காது, ஸ்பூனின் மேலே குவிந்து நிற்கும், அடியிலும் ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டு ஸ்பூனால் குவித்து அள்ளினால் ஒரு ஸ்பூன் என்று நினைப்பது 25 கிராமைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு பாட்டில் விளிம்பில் ஒட்டியதை விரலால் வழித்துச் சாப்பிடுவது, பிள்ளைக்கு பிரெட்டில் தடவிவிட்டுக் கத்தியை நக்குவது, இதெல்லாம் யார் கணக்கிலும் வராத கலோரி. சமையலறைத் தராசு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, எடை குறைக்கிறவர் வீட்டில் அது இருக்க வேண்டும். ஸ்பூனை எடை போட்டுப் பார்க்கிற சிரமமும் தேவையில்லை: பாட்டிலை மூடி திறந்தபடியே தராசின் மேல் வையுங்கள், டேர் பட்டனை அழுத்தி எண்ணைப் பூஜ்யமாக்குங்கள், இப்போது வேண்டியதை அள்ளுங்கள். தராசு மைனஸ் 16 என்று காட்டினால் நீங்கள் எடுத்தது சரியாக 16 கிராம். மைனஸ் 27 காட்டினால் 11 கிராமைத் திரும்பப் பாட்டிலில் போட்டுவிடுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தாலே கை பழகிவிடும், ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி தராசில் வைத்துச் சரிபாருங்கள், ஏனென்றால் ஸ்பூன் நமக்குத் தெரியாமலே பெரிதாகிக்கொண்டு போகும்.

அடுத்தது, எதற்குப் பதிலாக. பலர் வழக்கமான இட்லி, சட்னி, சாம்பார், மதியச் சோறு, மாலை டீ, பஜ்ஜி எல்லாம் அப்படியே இருக்க, "ஹெல்தி" என்று இரண்டு ஸ்பூன் பீனட் பட்டரை மேலே ஏற்றிக்கொள்கிறார்கள். தினமும் 190 கலோரி கூடுதல். அதை நடந்து எரிக்க ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். உடம்புக் கொழுப்பில் ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி என்று கணக்குப் போடுவார்கள். உடம்பு அவ்வளவு துல்லியமாக நடந்துகொள்ளாது என்றாலும், 40 நாள் இப்படிப் போனால் ஒரு கிலோ ஏறுகிற அளவுக்கு வந்துவிடும். ஆகவே எடுத்துவிட்டுச் சேருங்கள். பிரெட்டில் வெண்ணெயும் ஜாமும் தடவுகிறவர் இரண்டையும் நிறுத்திவிட்டு 16 கிராம் பீனட் பட்டர் தடவலாம். மாலையில் டீயோடு பிஸ்கட்டோ மிக்சரோ சாப்பிடுகிறவர் அதை விட்டுவிட்டு ஓர் ஆப்பிளை வெட்டி, துண்டுகளை இதில் தொட்டுச் சாப்பிடலாம். கேரட், வெள்ளரிக்கும் நன்றாகவே இருக்கும். சப்பாத்தியை எண்ணெய் விடாமல் சுட்டு, மெல்லிசாகத் தடவிச் சுருட்டினால் தொட்டுக்கொள்ள வேறு ஒன்றும் வேண்டாம்.

நம் வீட்டுக்கு மிகவும் பொருந்துவது சட்னிதான். 16 கிராம் பீனட் பட்டரை ஒரு கிண்ணத்தில் போட்டு, இரண்டு மூன்று ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கரையுங்கள். முதலில் திரிந்த மாதிரி கெட்டியாகும், பயப்பட வேண்டாம், இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கினால் வழுவழுவென்று இளகிவிடும். அதில் கொஞ்சம் புளிக்கரைசல், மிளகாய்த்தூள், நசுக்கிய ஒரு பல் பூண்டு, உப்பு. பீனட் பட்டரிலேயே உப்பு இருக்கும், ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள். தாளிப்பே வேண்டாம், வேண்டுமென்றால் கடுகும் கறிவேப்பிலையும் வெறும் வாணலியில் பொரித்துப் போடலாம். மூன்று இட்லிக்குத் தாராளமாக வரும், அன்றைக்குத் தேங்காய்ச் சட்னி கிடையாது, அவ்வளவுதான். சர்க்கரை சேர்த்த பீனட் பட்டரில் இதைச் செய்ய முடியாது. சர்க்கரை இல்லாததை வாங்க அதுவே எனக்குப் போதுமான காரணம். கேழ்வரகுக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதிலும் ஒரு ஸ்பூன் கலந்து பாருங்கள்.

ஸ்மூத்தி விஷயத்தில் மட்டும் கவனம். பால் ஒரு டம்ளர் 150 கலோரி, வாழைப்பழம் 100, பீனட் பட்டர் இரண்டு ஸ்பூன் 190, பேரீச்சம்பழம் மூன்று 60, தேன் ஒரு ஸ்பூன் 60. மொத்தம் 560. ஒல்லியாக இருப்பவர்கள் எடை ஏற்றுவதற்காகக் குடிக்கிற அதே பானம் இது. குடித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது, வயிறு நிறைந்தது மாதிரியும் இருக்காது.

கடையில் வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். வறுத்த கடலை, அதிகம் போனால் உப்பு, இவ்வளவு மட்டும் இருப்பது நல்லது. இரண்டாவதாகச் சர்க்கரை, மூன்றாவதாக ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவர எண்ணெயோ பாமாயிலோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். எண்ணெய் பிரியாமல் கடைசி வரை ஒரே சீராக நிற்பதற்காகத்தான் அதைச் சேர்க்கிறார்கள். எதுவும் சேர்க்காததில் எண்ணெய் மேலே மிதக்கும், கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. முந்தின நாள் இரவே தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலையில் கலக்கினால் சுலபமாகக் கலந்துவிடும். அந்த எண்ணெயை ஊற்றிவிட்டால் கலோரி குறையாதா என்று சிலர் கேட்கிறார்கள். குறையும்தான், ஆனால் மிச்சம் காய்ந்து கட்டியாகி, தடவவே முடியாமல் போய், பாதிப் பாட்டில் வீணாகும்.

நாட்டுச்சர்க்கரை போட்டது, வெல்லம் போட்டது, தேன் போட்டது என்று வருகிறதே, அவை எடைக்கு எந்தச் சலுகையும் தருவதில்லை. வெல்லத்துக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. சாக்லேட் சுவையையும் அதோடு சேர்த்து ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டில் அரைத்தால் இந்தத் தலைவலியே இல்லை, செலவும் குறைவு. கால் கிலோ கடலை எடுத்து முதலில் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். கறுத்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எதுவும் உள்ளே போகக் கூடாது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம், அது கல்லீரலுக்குக் கேடு, வறுத்தாலும் முழுவதும் போகாது. பொறுக்கியதை அடி கனமான வாணலியில் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் விடாமல் கிளறி வறுங்கள். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். தோல் வெடித்து, ஒன்றை எடுத்து ஆறவிட்டுக் கடித்தால் மொறுமொறுவென்று உடைந்தால் போதும். துணியில் கொட்டித் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்குங்கள். வெதுவெதுப்பு இருக்கும்போதே ஈரமில்லாத மிக்சி ஜாரில் போட்டு அரைத்தால் எண்ணெய் சீக்கிரம் விடும். முதலில் பொடியாகும், பிறகு ஓரமெல்லாம் அப்பிக்கொள்ளும், பிறகு உருண்டை மாதிரி சேரும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து தண்ணீரோ எண்ணெயோ விடுகிறார்கள். தண்ணீர் விட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும், எண்ணெய் விட்டால் கலோரி ஏறும். அரை நிமிடம் ஓட்டுவது, நிறுத்தி வழித்துவிடுவது, மிக்சி சூடேறினால் ஐந்து நிமிடம் விடுவது என்று போனால் திடீரென்று இளகிப் பளபளவென்று மாறும். ஒரு சிட்டிகை உப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். 16 கிராம் வீதம் சுமார் 14 நாளைக்கு வரும். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில், ஃபிரிட்ஜில்.

பாட்டிலைத் திறந்தால் நிறுத்த முடியவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள், குறிப்பாக இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. அவர்களுக்கு நான் பீனட் பட்டரே வேண்டாம் என்பேன், தோலோடு அவித்த கடலைக்கு மாறிவிடுங்கள். தண்ணீர் ஏறியிருப்பதால் அவித்த கடலை, உரித்தபின், 100 கிராமில் 320 கலோரிதான், அரைத்ததில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. ஒவ்வொன்றாக உரித்து மென்று தின்பதால் வேகமும் குறையும். வறுத்ததாகவே இருந்தாலும் முழுக் கடலை ஒரு விதத்தில் மேல், நாம் எவ்வளவு மென்றாலும் சில துணுக்குகள் உடையாமல் போவதால் அதன் கொழுப்பு முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. மிக்சி அந்த வேலையை முழுதாக முடித்துவிடுகிறது.

கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. உதடு வீங்குவது, தொண்டை அடைப்பது, மூச்சு வாங்குவது என்று ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்களும் சிறுநீரகக் கோளாறுக்குச் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், ஏனென்றால் கடலையில் ஆக்சலேட்டும் பாஸ்பரஸும் கணிசமாக உண்டு. ரத்தக்கொதிப்பு இருந்தால் உப்பில்லாதது. கைக்குழந்தைக்குக் கெட்டியாக ஸ்பூனில் ஊட்டாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஆரம்பிக்கிற அன்று எடையையும் இடுப்புச் சுற்றளவையும் குறித்துவையுங்கள். மூன்று வாரம் 16 கிராமைத் தாண்டாமல், ஒன்றை எடுத்துவிட்டு இதைச் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டில் ஒன்று இறங்கியிருந்தால் அப்படியே தொடரலாம். இரண்டுமே அசையவில்லையென்றால் இதை ஒருநாள் விட்டு ஒருநாளாக்குங்கள், கூடவே சமையல் எண்ணெயையும் ஒரு வாரம் அளந்து பாருங்கள்.