சுரம் முடியும்போது வந்த 'டிக்' சத்தம்

விரல் வைத்தால் வட்டம் விரியும், கூடவே ஒரு சுரம் கேட்கும், அப்படி பிரவுசரிலேயே ஓடும் சின்ன வாத்தியம் ஒன்றை உருவாக்கினேன். முதலில் சத்தமே வரவில்லை. பயனர் தொடும்வரை பிரவுசர் ஆடியோவை முடக்கியே வைத்திருக்கும் என்பதால், முதல் தொடுதலிலேயே ஆடியோ கான்டெக்ஸ்டை (பிரவுசரில் ஒலியை இயக்கும் பகுதி) ரெஸ்யூம் செய்தேன், சரியாகிவிட்டது.

அப்புறம் ஒவ்வொரு சுரத்தின் முடிவிலும் 'டிக்' என்று ஒரு வெட்டு. ஆசிலேட்டரை, அதாவது சுரத்தின் ஒலி அலையை உருவாக்கும் பகுதியை, சட்டென்று நிறுத்தினால் அலை பாதியில் அறுந்துபோகும், காதில் விழுவது அதுதான். கெயினை, அதாவது ஒலியின் அளவை, 300 மில்லிசெகண்டில் மெல்லப் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டு அதன்பிறகே நிறுத்தினேன். வட்டம் மங்குவதையும் அதே கெயின் மதிப்போடு இணைத்ததும் ஒலியும் உருவமும் ஒன்றாகவே அடங்கின, பார்க்க அவ்வளவு அழகு.

சுரங்களை மோகன ராகத்தின் ச ரி க ப த என்று ஐந்தோடு நிறுத்தினேன். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இதுதான், குழந்தை கண்டபடி தட்டினாலும் உறுத்தாது.