பள்ளிச் செயல்திட்டத்துக்கு நம்பகமான சான்றுகளைத் தேடுவது எப்படி?

‘ஆசியாவிலேயே முதன்முதலாக மின்விளக்கு எரிந்த நகரம் பெங்களூரு’ என்னும் வரியை நம் ஊர்ப் பிள்ளைகளின் செயல்திட்ட ஏடுகளில் அடிக்கடி காணலாம். இணையத்தில் பல பக்கங்களில் அதே வரி இருப்பதால், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பக்கங்கள் எத்தனை இருந்தாலும் அவற்றை ஒரே சான்றாகத்தான் கொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முதல் பி.யு.சி. (பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு) வரை பயில்வோர் நூலகத் தரவுத்தளங்களைக் கொண்டு இத்தகைய செய்தியை எவ்வாறு சரிபார்க்கலாம் என்பதை இந்த ஒரு வரியை வைத்தே பார்ப்போம்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘பெங்களூரில் மின்சாரம்’ என்பது தலைப்பு மட்டுமே. அதைத் தட்டித் தேடினால் மின்கட்டணம் செலுத்தும் பக்கம்தான் முதலில் வந்து நிற்கும். ‘பெங்களூரின் தெருவிளக்குகளுக்கு மின்சாரம் எந்த ஆண்டில், எங்கிருந்து வந்தது? அதற்கு முன்பே மின்விளக்கு பெற்ற நகரங்கள் உண்டா?’ என்று கேட்டால், எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

படி 2: தேடுசொற்களைத் திரட்டுங்கள்

விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்வது சற்று மிகையானது. அதை மேற்கோள் காட்ட வேண்டாம். ஆனால் பெயர்கள், ஆண்டுகள், அடிக்குறிப்புகள் ஆகியவற்றைப் பொறுக்கி எடுக்க அது நல்ல இடம். காவேரி ஆற்றிலுள்ள சிவனசமுத்திரம் நீர்மின் நிலையம், 1902-இல் அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்குச் சென்ற மின்கம்பி, 1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூரில் எரிந்த தெருவிளக்குகள், திட்டத்துக்கு வித்திட்ட மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் என்று தேடுவதற்கு வேண்டிய சொற்கள் அங்கேயே கிடைத்துவிடும்.

பழைய ஆவணங்களைத் தேடும்போது அக்காலத்து எழுத்துக்கூட்டலையும் பயன்படுத்த வேண்டும். ஆங்கிலத்தில் காவேரியை இன்று ‘கே’ எழுத்திலும் தொடங்குகிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய அரசு அறிக்கைகளில் அது ‘சி’ எழுத்தில் தொடங்கும். சிவனசமுத்திரத்தைச் ‘சிவசமுத்திரம்’ என்றும் எழுதினார்கள். இரண்டு வடிவங்களையும் தேடாதவருக்குப் பாதி ஆவணங்கள் கண்ணிலேயே படாமல் போகும். பல சொற்கள் சேர்ந்த பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் அந்தத் தொடர் அப்படியே உள்ள பக்கங்கள் மட்டும் வரும். மாற்று எழுத்துக்கூட்டல்களுக்கு இடையே பெரிய எழுத்தில் ‘OR’ (அல்லது) என்னும் ஆங்கிலச் சொல்லை இட்டால், பெரும்பாலான தளங்களில் இரண்டையும் ஒரே தேடலில் பெறலாம்.

படி 3: தரவுத்தளங்களுக்குச் செல்லுங்கள்

கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய இந்திய தேசிய மின்னூலகத்தில் தொடங்குவது எளிது. தேடல் முடிவுகளை மொழி, பாட நிலை, ஆவண வகை என்று அங்கே வடிகட்டிக்கொள்ளலாம். அடுத்ததாக, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா. நானூறு பக்க ஆய்வேட்டைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒவ்வோர் இயலும் பெரும்பாலும் தனித்தனி பி.டி.எஃப். கோப்பாக இருக்கும், முதலில் முன்னுரையையும், பிறகு கடைசியிலுள்ள நூற்பட்டியல் கோப்பையும் திறந்து பாருங்கள். அந்த ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் அலைந்து தேடிய நூல்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கும். என்னைக் கேட்டால், பள்ளி மாணவருக்கு ஆய்வேட்டிலேயே மிகவும் பயன்படும் பகுதி அதுதான்.

அப்பெயர்களைக் கொண்டு இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினால், மைசூர் கெசட்டியர் (அரசு வெளியிட்ட விவரத் தொகுப்பு) போன்ற பழைய நூல்களின் வருடிய (ஸ்கேன் செய்த) படிகளை முழுமையாகப் படிக்கலாம். வருடிய பக்கங்களில் எழுத்துகளைக் கணினி தவறாகப் படிப்பது உண்டு. ஆகவே ஆண்டு, எண் ஆகியவற்றைப் பக்கத்தின் படத்தைப் பார்த்தே குறித்துக்கொள்ளுங்கள். ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் தளத்தில் கட்டணமில்லாத தனிக்கணக்கு தொடங்கலாம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

படி 4: நூலகத்துக்கு நேரில் செல்லுங்கள்

கப்பன் பூங்காவிலுள்ள மாநில மைய நூலகம் இயங்குவதே சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில்தான் என்பதால், இந்தச் செயல்திட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ‘மின்சாரம் பற்றிப் புத்தகம் இருக்கிறதா, சார்?’ என்று கேட்காமல், படி 1-இல் எழுதிய கேள்வியையும் இதுவரை பார்த்த நூல்களின் பெயர்களையும் தாளில் எழுதி நூலகரிடம் காட்டுங்கள். எந்த அடுக்கில் தேடுவது என்பதை அவர் சொல்லிவிடுவார்.

படி 5: சான்றை எடைபோடுங்கள்

யார் எழுதியது, எப்போது எழுதியது, எதை ஆதாரமாகக் காட்டுகிறது, அதை எழுதியதால் அவருக்கு என்ன ஆதாயம் என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சுற்றுலா விளம்பரம் ஊரைப் புகழத்தான் செய்யும். பிறகு, ‘முதல்’ என்று உரிமை கொண்டாடும் செய்தியை வேறோர் ஊரின் வரலாற்றோடு ஒப்பிடுங்கள். டார்ஜிலிங் அருகே சித்ராபோங் நீர்மின் நிலையம் 1897-இல் இயங்கத் தொடங்கியது. கல்கத்தாவில் 1899-இல் மின்விநியோகம் தொடங்கியது. டோக்கியோவிலோ 1887-இலேயே மின்விநியோகம் இருந்தது. ஆக, 1905 என்ற ஆண்டு சரியாக இருந்தாலும் ‘ஆசியாவிலேயே முதல்’ என்ற பெருமை நிற்காது. செயல்திட்டத்தில் அந்த அடைமொழியை நீக்கிவிட்டு, இந்த ஒப்பீட்டையே ஒரு பத்தியாக எழுதினால் மதிப்பெண் கூடுமே தவிரக் குறையாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலி நூல்பட்டியல் ஒன்றைத் தந்தால், ஒவ்வொரு நூலையும் மேற்கண்ட தளங்களில் தேடிப் பாருங்கள். இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அது தந்துவிடக்கூடும்.

படி 6: படிக்கும்போதே குறிப்பெடுங்கள்

ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம் ஆகியவற்றையும், இணையத்தில் படித்ததாக இருந்தால் முகவரியையும் பார்த்த நாளையும் எழுதுங்கள். அப்படியே எடுத்த வரிகளை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். மற்றவற்றைப் பக்கத்தை மூடிவிட்டுச் சொந்த நடையில் எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுங்கள். நூற்பட்டியலை எந்த முறையில் அடுக்க வேண்டும் என்பதை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் எல்லாவற்றையும் மாற்றி எழுத நேராது.