விடுமுறைச் சுற்றுலாவில் பிள்ளைக்கு ஆங்கிலம் பேசப் பழக்குவது எப்படி?

மார்கழி விடுமுறை வந்தால் திருகோணமலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இடம் குறைந்துவிடும். வடகீழ்ப் பருவமழை, கடல் கொந்தளிப்பு, நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகேறுகிற காலமும் அதுவல்ல. அதனால் பல குடும்பங்கள் கொழும்பில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், ஒரு நாள் பிள்ளைகளை உள்ளரங்க விளையாட்டு மையம் ஒன்றுக்கும் கூட்டிப் போவார்கள். அந்த ஒரு நாளை வைத்தே பிள்ளையை ஆங்கிலம் பேச வைக்கலாம்.

மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலப் பாடப்புத்தகம் படிக்கிற பிள்ளை, யாராவது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் வாய் திறக்காமல் நிற்கிறது என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கேட்டு வாங்குவதற்கு இதுவரை எதுவும் இருக்கவில்லை என்பதுதான் விஷயம். விளையாட்டு மையத்தில் இருக்கிறது: டிக்கெட், மேசு (சொக்ஸ்), பம்பர் கார், ஐஸ்கிரீம். ஆசைப்பட்ட பொருள் எதிரே இருக்கும்போது பிள்ளை பேசும்.

முதல் படி: போவதற்கு முன்னால் நாலைந்து வசனம்

இதற்கு மேல் வேண்டாம். ‘ஹவ் மச் இஸ் இட்?’, ‘வேர் இஸ் த வோஷ்ரூம்?’, ‘இட்ஸ் மை டர்ன்’ (இது என்னுடைய முறை), ‘டூ அடல்ட்ஸ் அண்ட் டூ சில்ட்ரன், ப்ளீஸ்’. இவற்றை விட முக்கியமானது ‘கேன் ஐ ஹேவ்’ என்று தொடங்கும் வசனம், ஏனென்றால் அதற்குப் பின்னால் எந்தப் பொருளையும் போடலாம்: ‘கேன் ஐ ஹேவ் அ பெயார் ஒஃப் சொக்ஸ், ப்ளீஸ்?’

எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் ‘ஐ வோன்ட் சொக்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். அது இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அதட்டிக் கேட்பது போலக் காதில் விழும். நாங்கள் ‘தாங்கோ’ என்று சொல்லும்போது மரியாதை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, ஆங்கிலத்தில் அதை ‘கேன் ஐ’ என்றும் ‘ப்ளீஸ்’ என்றும் தனியாகச் சேர்க்கவேண்டும்.

வீட்டில் சாப்பாட்டு மேசையை டிக்கெட் கவுண்டராக்குங்கள். அம்மம்மாவைக் கதிரையில் உட்கார வையுங்கள், அவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ‘ப்ளீஸ்’ கேட்கும்வரை ஒரு சோடி மேசு கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிக்கும்.

இரண்டாம் படி: வான் வண்டியில் போகும்போது

கொழும்பு தூரம், பிள்ளைகள் சலித்துப்போவார்கள். ‘ஐ கேன் சீ’ என்று ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொல்லுங்கள். ஹபரணைப் பக்கம் வந்தால் ‘ஐ கேன் சீ அன் எலிஃபண்ட்’ என்று சொல்லக் கூட வாய்க்கலாம். நித்திரை வந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: கவுண்டரில் ஒரு அடி பின்னால் நில்லுங்கள்

முடிந்தால் வார நாளில், காலையில் போங்கள். சனி ஞாயிறு பின்னேரங்களில் சனமும் பாட்டுச் சத்தமும் கூட, சின்னக் குரல் எடுபடாது. அங்கே வேலை செய்பவர்கள் முதலில் சிங்களத்தில் பேசக்கூடும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று தொடங்கினால் அவர்களும் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள்.

பிள்ளை திகைத்து நின்றால் ‘சொல்லு, சொல்லு’ என்று முதுகில் தட்டவேண்டாம். ‘கேன் ஐ...’ என்று பாதியைச் சொல்லி நிறுத்துங்கள், மீதியை அது முடிக்கும். முடிக்காமல் ‘சொக்ஸ், ப்ளீஸ்’ என்று மட்டும் சொன்னாலும் மேசு கைக்கு வந்துவிடும். அதுவே வெற்றிதான், அந்த இடத்தில் திருத்தக் கூடாது.

உள்ளே போகும் வழியில் விதிகள் எழுதிய பலகை இருக்கும். அதைப் பிள்ளையை வாசிக்க வைத்து, என்ன செய்யக் கூடாது என்று தமிழில் கேளுங்கள். உயரக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘யூ மஸ்ட் பி திஸ் டோல் டு ரைட்’ என்று எழுதியிருந்தால், அதாவது இவ்வளவு உயரம் இருந்தால்தான் ஏறலாம் என்று இருந்தால், ‘மஸ்ட்’ என்பதைப் படிப்பிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நான்காம் படி: விளையாட விடுங்கள்

ட்ராம்பொலினில் குதிக்கிற பிள்ளையிடம் இலக்கணம் பேசவேண்டாம். தண்ணீர் குடிக்க வரும்போது ‘இஸ் இட் ஃபன்?’ என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: இரவில் கதை சொல்ல வைப்பது

பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ முழுப் பயணத்திலும் பெறுமதியான பகுதி இதுதான், ஏனென்றால் நடந்து முடிந்ததைச் சொல்லும்போது இறந்தகாலம் தானாகத் தேவைப்படுகிறது. இப்படி ஒரு மாதிரி கொடுங்கள்:

‘டுடே வீ வென்ட் டு அன் இன்டோர் ப்ளே சென்டர் இன் கொலம்போ. ஃபர்ஸ்ட், மை சிஸ்டர் அண்ட் ஐ ஜம்ப்ட் ஒன் த ட்ராம்பொலின். தென் வீ ட்ரோவ் த பம்பர் கார்ஸ். மை ஃபாதர் பம்ப்ட் இன்டு மை கார். வீ வேர் ஹங்க்ரி, ஸோ வீ எய்ட் ஃபிஷ் ரோல்ஸ். வீ ஹேட் அ லொட் ஒஃப் ஃபன்.’

கோ, ட்ரைவ், ஈட், ஹேவ் ஆகியவை வென்ட், ட்ரோவ், எய்ட், ஹேட் என்று உருமாறுகின்றன. இவற்றுக்குக் குறுக்குவழி இல்லை, மனப்பாடம்தான். ஜம்ப், பம்ப் போன்றவற்றுக்குக் கடைசியில் ஒரு ஒலி சேர்ந்தால் போதும். அதை ‘ஜம்ப்பெட்’ என்று இழுக்காமல், ‘ஜம்ப்ட்’ என்று ஒரே மூச்சில் சொல்லவேண்டும். வெயிட், ஷவுட் போல ட ஒலியில் முடிகிறவை மட்டும் வெயிட்டட், ஷவுட்டட் என்று நீளும்.

கேள்வியில் ‘டிட்’ வந்துவிட்டால் வினைச்சொல் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும்: ‘டிட் யூ வென்ட்’ பிழை, ‘டிட் யூ கோ’ சரி. தமிழில் ‘நல்லா என்ஜோய் பண்ணினோம்’ என்று நிறுத்தலாம், ஆனால் ஆங்கிலத்தில் ‘வீ என்ஜோய்ட்’ என்று மட்டும் சொன்னால் வசனம் பாதியில் நிற்கும், ‘வீ என்ஜோய்ட் இட்’ என்று முடிக்கவேண்டும். அப்புறம், ‘ஐ வொஸ் எக்சைட்டட்’ என்பது பிள்ளையின் பரபரப்பு, ‘த ரைட் வொஸ் எக்சைட்டிங்’ என்பது பரபரப்பூட்டிய சவாரி. இரண்டையும் மாற்றிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே இரவில் திருத்தப் போகாதீர்கள். பிள்ளை ‘வீ ஈட்டட் ரோல்ஸ்’ என்றால் ‘பிழை’ என்று சொல்லாமல், ‘ஓ, யூ எய்ட் ரோல்ஸ்? ஹவ் மெனி டிட் யூ ஈட்?’ என்று கேளுங்கள். சரியான சொல் காதில் விழும், பேச்சும் நிற்காது.

ஆறாம் படி: கேட்க ஒரு ஆள்

கதையைக் கொப்பியில் எழுதியபிறகு, கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் சரளமாக வராத அந்த அண்ணாவுக்கோ அக்காவுக்கோ ஆங்கிலத்தில் சொன்னால்தான் முழுதாக விளங்கும், ஆகவே இது பயிற்சிக்காகச் செய்கிற நடிப்பாக இராது. அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை சத்தமாக வாசிக்கட்டும், பார்த்து வாசிப்பதிலும் தவறில்லை. அங்கிருந்து ‘ஹூ வொன்?’ என்று ஒரு கேள்வி திரும்பி வந்தால், அதற்குப் பதிலைப் பிள்ளையே பார்க்காமல் சொல்லட்டும், நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.