பி2எக்ஸ்7 மரபணுவைத் தட்டில் சோதிப்பது எப்படி?

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்குத் தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது இந்தச் சோதனையைத்தான்.

மாரடைப்பில் இதயத் தசைச் செல்கள் சாகும்போது அவற்றுக்குள் இருந்த ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வெளியே கொட்டுகிறது. அது பட்டதும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் சவ்வில், இந்த மரபணு உருவாக்கும் பி2எக்ஸ்7 என்ற அயனி வாயில் திறக்கிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. அந்த இழப்பு செல்லுக்குள் ஆபத்தை உணரும் என்எல்ஆர்பி3 என்ற புரதத்தைக் கிளப்பிவிட, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதம் வெளிவருகிறது. மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுத்துப் பார்த்த கேன்டாஸ் ஆய்வு 2017-ல் வெளியானது. மறு மாரடைப்பு உள்ளிட்ட பாதிப்புகள் குறைந்தன, ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. அதனால்தான் எந்த வாயில் எப்போது திறக்கிறது என்று நுணுக்கமாகப் பார்க்கிறோம்.

முதலில் எலி. பரவலாகப் பயன்படும் சி57பிஎல்/6 வகைக்கு இந்த மரபணுவிலேயே பி451எல் (புரதத்தின் 451-ஆம் இடத்தில் அமினோ அமிலம் மாறியது) என்ற மாற்றம் உண்டு. வாயில் பாதி மந்தமாகவே வேலை செய்யும். ஒப்பிடும் எலிகள் இரண்டும் ஒரே இனவழியா என்று கேட்காமல் தொடங்காதீர்கள்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த மேக்ரோபேஜ்களுக்கு எல்பிஎஸ் (பாக்டீரியாவின் மேலுறைப் பொருள்) கொடுத்து 4 மணி நேரம் விடுங்கள். இன்டர்லூக்கின்-1 பீட்டாவின் முன்வடிவம் உள்ளே சேர்ந்திருக்கும், வெளியே வராது. பிறகு 5 மில்லிமோலார் ஏடிபி, 30 நிமிடம்.

ஏடிபி தூளைக் கரைத்தால் கரைசல் அமிலமாகிவிடும். அப்படியே ஊற்றினால் இளஞ்சிவப்பு வளர்ப்புத் திரவம் கண்ணெதிரே மஞ்சளாகும். அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 7.4-க்குக் கொண்டுவந்த பிறகே சேர்க்க வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது.

எல்பிஎஸ் மட்டும், ஏடிபி மட்டும் கொடுத்த கிணறுகள் (தட்டின் சிறு குழிகள்) ஒப்பீட்டுக்குக் கட்டாயம். நான் விடாப்பிடியாகக் கேட்பது இன்னொன்று: திரவத்தில் சோடியம் குளோரைடின் பெரும்பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு வைத்த கிணறு. வெளியே பொட்டாசியம் நிறைந்திருந்தால் உள்ளிருப்பது வெளியேறாது. புரத அளவைக் காட்டும் எலைசா சோதனையில் இன்டர்லூக்கின் அளவு குறைய வேண்டும். குறையாவிட்டால் செல்கள் வெடித்து ஒழுகியிருக்கலாம். அதே திரவத்தில் எல்டிஹெச் (செல் உடைந்தால் வெளியே கசியும் நொதி) அளந்து பாருங்கள். அது உயர்ந்திருந்தால் மரபணுவைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். புதுச் செல்களோடு மறுபடி செய்யுங்கள்.